கறுப்பு வெள்ளைக் காளான்

1991 கார்த்திகை 14, வியாழன்.

பின்னேரம் அடுத்த வீட்டுப் பரமேஸ்வரி சுளகு நிறையக் காளானோடு வந்தாள்.

"ரீச்சர், நீங்கள்தானே கமராவோடை பத்தையளுக்குள்ளை திரியிறனீங்கள். உது தின்னலாமோ? பிள்ளையள் ஒரு கிழமையா வெறும் சம்பலும் சோறும்தான்."

என் அல்பத்தை எடுத்தேன். போன மாரியில் பனங்கூடலுக்குள் ஒரு காளானைப் படம் பிடித்தேன். பிறகு அதையே கறி வைத்துச் சாப்பிட்டேன். அந்தப் படத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். குடை, செதில், காம்பில் வளையம், எல்லாம் அப்படியே இருந்தன.

"பயப்படாமல் சமையும், பிள்ளை" என்றேன்.

"ரீச்சர் சொன்னால் பிறகென்ன!"

விளக்கைக் கொளுத்தும்போதுதான் உறைத்தது. போர்த் தடையால் கலர் ஃபிலிம் இங்கே கிடைப்பதில்லை, என் படம் கறுப்பு வெள்ளை. நான் சாப்பிட்ட காளானில் குடையின் அடிப்பக்கம் நல்ல வெள்ளை. அவளுடையதில் இலேசாகப் பச்சை ஓடியிருந்தது, நஞ்சுக் காளானில் ஓடுவதுபோல. அதைக் கண்ணால் கண்டேன். கண்டும் படத்தை நம்பினேன்.

வேலியடிக்கு ஓடினேன்.

"கறி ஆக்கியாச்சோ, பிள்ளை?"

"ஓம் ரீச்சர்! மூண்டும் சட்டியை வழிச்சு நக்கிப்போட்டுப் படுத்திட்டுதுகள். எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைக்கேல்லை, கள்ளர்!"

"நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். நல்லதாம்!

ஒன்றும் நடக்காமலும் போகலாம். அப்படியானால் என் பிழை ஒருவருக்கும் தெரியவராது. இந்த நினைப்போடுதான் இவ்வளவு நேரமும் கதிரையில் இருந்து எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக அவளிடம் ஒரு சைக்கிள்தான் இருக்கிறது, பிள்ளைகளோ மூன்று. போய்த் தட்டி எழுப்பிச் சொல்கிறேன்.