விஜயதசமியன்று பிரித்த கேசட்

அன்புள்ள கௌசிக்குக்கு,

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பா முக்கால் சௌக்கியம். பிளசன்டனில் நீயும் விஷாகாவும் சௌக்கியம்தானே? எங்கள் பேஸ்மென்டில் இருக்கும் உன் பழைய வீடியோ கேம் பெட்டிகளும் சௌக்கியம், ஈரப்பதம் நாற்பத்தைந்து சதவீதம். நீ முதலில் விசாரிப்பது அதைத்தான் என்பதால் சேர்த்துக்கொண்டேன். என் முழங்காலைப் பற்றி நீ கடைசியாகக் கேட்டது போன குளிர்காலத்தில், அது போகட்டும்.

மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. விஷாகாதான் "அவர் மீட்டிங்ல இருக்கார்ம்மா" என்கிறாள். மூன்று வாரம் நடக்கும் மீட்டிங் எந்தக் கம்பெனியில் உண்டு என்று நான் கேட்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன், கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா. எல்லாம் அந்தப் பெட்டிகளோடு நீ இங்கே வைத்துவிட்டுப் போன வீடியோ கேம் கேசட்டால் வந்தது. முப்பத்தைந்து வருஷமாக யாரும் உறை பிரிக்காத கேசட், ஒருவரும் விளையாடாததுதான் அதன் பெருமை என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். எட்டு வயதில் ஒரே கேசட்டை ஊதி ஊதிப் போட்டு விரல் காய்க்கும்வரை விளையாடிய பிள்ளை, நாற்பது வயதில் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். நாங்கள் என்றைக்கோ குப்பையில் போட்ட அதே மாதிரி குண்டு டிவியைத் தேடி வாங்கி எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்தாய். உங்கள் வீட்டில் இடமில்லை என்று விஷாகா சொல்லிவிட்டாளாம், புத்திசாலிப் பெண்.

ஆயுத பூஜையன்று கார், லேப்டாப், பனி தள்ளுகிற ஸ்னோ ப்ளோயர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு உன் கேசட்டை மட்டும் எப்படி விடுவது? பிளாஸ்டிக் உறைமேல் ஒரு பொட்டு வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்காவிட்டால் வித்தை தங்காது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது படிக்காமல் அன்றைக்கு உன்னை நான் டிபன் சாப்பிட விட்டதில்லை. அப்பா தெருக்கோடிவரை காரை ஓட்டிவிட்டு வரப் போனார். அதற்குள் இங்கே கேசட்டைப் பிரித்தாகிவிட்டது. குண்டு டிவியில் போட்டதும், நீ சின்ன வயதில் விளையாடிய அதே கேமின் பாட்டு வந்தது. நீ தரையில் படுத்துக்கொண்டு விளையாடிய மத்தியானங்கள் ஞாபகம் வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புரிந்திருக்குமே. "நான்தான்டா பிரிச்சேன், தெரியாம பண்ணிட்டேன்" என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியவள் நான். அவர் திரும்பி வந்து பார்த்து வெளிறிப்போனார். "அவன் கோச்சுண்டா நீ தாங்க மாட்டே, நானே சொல்லிக்கறேன்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு. இப்போது அவராலும் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போதுகூட போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேற்று கார் வாரன்டி விற்கிற எவனோ கூப்பிட்டான், நம்பரைக்கூடப் பார்க்காமல் எடுத்து "ரொம்ப பிஸியாப்பா?" என்று கேட்டுவிட்டார்.

நீங்கள் இருவரும் நோயில்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஃப்ளூ ஷாட் போட்டுக்கொள், தள்ளிப் போடாதே. என்னை எப்போது வேண்டுமானாலும் திட்டிக்கொள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு, அவர் செய்யாத தப்பை மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகலக்ஷ்மி