என்ன முறை

தூரத்து நகரத்தில், குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் வீட்டில் இருக்கும் என் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பனுக்கு முதுகுவலி தேவலை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில்.

ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருந்தாய். வருகிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை. மழைக்குப் பருவமே மறந்துவிட்டது. வந்தால் கரையை உடைத்துக்கொண்டு ஓடுகிறது, போனால் மாதக்கணக்கில் மணல்தான். நாங்களும் மாறிக்கொண்டோம். வயல் மூலையில் குட்டை வெட்டி வெள்ளத்தைப் பிடித்து வைக்கிறோம். சீக்கிரம் விளைகிற பயிராகப் பார்த்துப் போடுகிறோம். குட்டை வெட்ட நிலம் போகிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த உன் அப்பன், இப்போது அதில் மீன் விட்டிருக்கிறான். தினமும் போய் அதுகளோடு பேசுகிறான்.

பெரிய மாற்றம் வாய்க்காலில்தான். முன்பெல்லாம் தலைமடைக்காரர்கள் வயிறு முட்டக் குடித்த மிச்சம்தான் கடைசியில் இருக்கும் நமக்கு வரும். இந்த வருடம் ஊரே கூடி அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. முதலில் கடைமடை, அப்புறம்தான் மேலே. யாருக்கு எப்போது முறை என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. "இந்தக் கிழவி எதையும் மறக்காது, எவனுக்கும் இரங்காது" என்று கூட்டத்தில் சொன்னான் பம்பு மெக்கானிக். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தலைமடை என் நாத்தனாருடையது. உன் தாத்தாவின் கூடப்பிறந்தவள். உன் அப்பன் தவழ்ந்த வருடம், நம் முறை அன்று வாய்க்காலின் குறுக்கே சாக்கை அடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினாள். நீலக் கோடு போட்ட சாக்கு. நம் நாற்று மொத்தமும் கருகிப்போனது. கேட்கப் போனால், "உங்க பங்கை ஆறே குடிச்சிருக்கும்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் பட்டதில்லை.

போன வாரம் அவள் மகன், அந்த நெட்டையன், நம் வாசலில் வந்து நின்றான். அவர்கள் நாற்று வாடுவது எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் வாடட்டும் என்றுதான் இருந்தேன், உன்னிடம் எதற்கு மறைக்க. அவன் மெதுவாக, "எனக்கு என்ன முறைன்னு சொன்னா நல்லாருக்கும்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன், இன்று உறவு விசாரிக்கிறானா? "ஏண்டா, அதைக்கூடவா உங்கம்மா சொல்லித் தரலை? அத்தைடா! நான் உனக்கு அத்தை முறை!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவன் திருதிருவென்று விழித்தான். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அவர் தண்ணி முறையைக் கேக்கறார், அத்தை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், புரையேறிவிட்டது அவளுக்கு. நெட்டையனும் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு உன் தாத்தாவின் பல்வரிசை. "சரிங்கத்தை, தண்ணி எப்போ?" என்றான்.

தெருவே கேட்க அத்தை என்று சொன்ன வாயால் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு நம் முறையில் பாதியை எடுத்துக்கொள், சாக்கு வைக்காமல் எடு என்றேன். அவர்கள் நாற்று பிழைத்துவிட்டது. நமக்குக் குட்டைத் தண்ணீர் கைகொடுத்தது.

தண்ணீர் பாய்ந்த மறுநாளே நாத்தனார் ஆள் அனுப்பினாள், வந்து ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போகச் சொல்லி. நான் போகவில்லை. போனால் சாக்கை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு முழங்கால் வலியாம், இப்போதெல்லாம் வெளியே வருவதில்லையாம்.

கண்ணு, லீவுக்கு வரும்போது தலைமடை வழியாக வா. அவள் வீட்டுப் படியேறி, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. மிச்சம் வைக்காதே. பாட்டி அனுப்பினாள் என்று நீயாகச் சொல்லாதே. அவளாகக் கேட்டால், இல்லை என்றும் சொல்லிவிடாதே.

எந்த ஊரில் இருந்தாலும் தாகமில்லாமல் இரு.

உன் பாட்டி