டப்பாவோடு வந்த கார்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மாமா என் வீட்டுக்கு வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பத்தமடையில் பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் ஒரு அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அதை என் மேசைமேல் வைத்து, தோள் துண்டால் மேலே ஒரு தரம் துடைத்துவிட்டு, "டப்பாவோட கொண்டாந்திருக்கேன் தம்பி. சீல்கூடப் பிரிக்கல. நீயே பிரிச்சு எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோ" என்றார்.

உள்ளே இருப்பது கிராபிக்ஸ் கார்டு. நான் முதன்முதலாக எனக்கென்று பாகங்கள் வாங்கி ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பூட்டப்போகிறேன் என்று உன் உம்மா சொல்லி அவருக்குத் தெரிந்ததாம். அந்த டப்பா எவ்வளவு இடத்தை அடைக்கும், ஏர்போர்ட்டில் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரியாதா? தன் சட்டை துணிமணியைப் பாதி அங்கேயே விட்டுவிட்டுத்தான் இதைக் கொண்டுவந்தார் என்று உம்மா பிறகு போனில் சொன்னார்கள்.

அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? உன்னிடம்தான் சொல்ல முடியும். உனக்கு டப்பா இல்லாமல் வந்தது, எனக்கு டப்பாவோடு வந்திருக்கிறது என்று நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. நீ போய் நான்கு வருஷமாகிறது. செத்துப்போனவனோடு போட்டி போட்டு ஜெயித்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு இருந்த பொறாமை நம்முடைய காலேஜ் பஸ்ஸில் தொடங்கியது. எங்கள் ஊரில் கிளம்பும்போது பஸ் காலியாக இருக்கும். அம்பாசமுத்திரத்தில் நிறைந்து, கல்லிடைக்குறிச்சியில் பிதுங்கி, பத்தமடை வரும்போது படியில் தொங்குவார்கள். நான் உனக்காகப் பக்கத்து சீட்டில் பையைப் போட்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஏச்சு வாங்கி இடம் பிடித்து வைத்திருப்பேன். நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிரித்த முகமாக வருவாய். ஏசியவர்களே உனக்கு வழி விடுவார்கள். அது எப்படி உனக்கு மட்டும் அமைந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு வருஷமாக நான் ஒரு பட்டியல் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். எந்த பிராசஸர், அதற்கு எந்த மதர்போர்டு, ரேம் எவ்வளவு, காற்றோட்டமான கேபினட் எது என்று. வாங்க வழி கிடையாது. அப்பாவுக்கு மில்லில் வேலை இருக்கும் வாரமும் இல்லாத வாரமும் மாறி மாறி வந்த காலம் அது. எழுதிப் பார்ப்பதோடு சரி. நீயோ அந்தப் பெட்டி மொத்தத்தையும் சிபியு என்று சொல்கிற ஆள். நான் தலையில் அடித்துக்கொண்டு, டவுன் வரும்வரைக்கும் உனக்குப் பாடம் எடுப்பேன்.

ஒருநாள் பஸ்ஸில் ஏறியதுமே, "மக்கா, அந்த நோட்டக் குடு. மாமா போன்ல என்ன வேணும்னு கேக்காக" என்றாய். நான் கொடுத்தேன். நான் இரண்டு வருஷம் அலசிப் பிழிந்து வைத்திருந்த கார்டின் பெயரை நீ போனில் ஒரே மூச்சில் வாசித்தாய். மாமா சரி என்றுவிட்டார். மற்ற பாகங்களுக்கு உன் வாப்பா சரி என்றுவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது.

"மெஷின் எங்க வீட்ல இருக்கும், அவ்வளவுதாம்லே. நம்ம ரெண்டு பேருக்கும்தான்" என்று என் தோளில் கை போட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ கொஞ்சம் அலட்டியிருந்தால்கூட உன்னை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

ஜங்ஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு உன்னைக் கூட்டிப்போனதும் நான்தான். கடைக்கார அண்ணாச்சி என்னைக் கண்டாலே, "வாரும்வே, இன்னைக்கு எதுக்கு வெல கேக்கப் போறீரு?" என்பார். அன்று உனக்கு நாற்காலி போட்டார், டீ சொன்னார். மதர்போர்டைக் கவரிலிருந்து உருவி உன் கையில் கொடுத்தார். என்னை அதுவரை அவர் கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் விட்டிருந்தார். நீ அதை மோந்து பார்த்துவிட்டு, "புதுச் செருப்பு வாசம் அடிக்குலே" என்று என்னிடம் நீட்டினாய். நான் மோந்து பார்க்கவில்லை.

பவர் சப்ளையில் மட்டும் நான் ஒரு சிக்கனம் செய்திருந்தேன். அந்தக் கார்டுக்குக் கரண்ட் போகிற வாய் புது மாதிரி. அதற்காக விலை கூடிய பவர் சப்ளை வேண்டாம், பழைய மாதிரியே போதும், இரண்டையும் இணைக்கிற ஒரு சாண் கேபிள் கார்டின் டப்பாவுக்குள்ளேயே வரும் என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்தக் கேபிளின் அருமை தெரிந்தவன் நம் இரண்டு பேரில் நான் ஒருவன்தான்.

மாமா வந்த அன்று உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்தார். பால்மாவு, பேரீச்சை, சோப்பு, கம்பளி என்று ஒவ்வொன்றாக வந்தது. கம்பளிக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் கார்டு.

"டப்பா எங்க மாமா?" என்றாய்.

"டப்பாவ எதுக்குலே தூக்கிட்டு வரணும்? அந்த எடத்துல ரெண்டு பால்மாவு வரும்லா."

வெளிநாட்டில் சம்பாதிக்கப் போன சபுராளி எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடையில் வாங்கிய கையோடு அட்டையை உரித்து எறிந்துவிட்டு, சாமானைத் துணிக்குள் சுற்றி, ஒரு சந்து பொந்து விடாமல் அடைத்துக் கட்டுவார்கள். மாமா மட்டும் என்ன விதிவிலக்கா? நீ கார்டைப் பச்சைப்பிள்ளையை ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டிருந்தாய். வீடே உன்னைச் சுற்றி நின்றது. "தம்பி, அந்த ஷூவ எடுத்து அங்கன ஓரமா வையி" என்று மாமா என்னிடம் சொன்னார். எடுத்தேன். ஷூவுக்குள் சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. சாக்ஸுக்குள் ஏதோ முண்டியது. விரலை விட்டுப் பார்த்தேன். அந்த மனுஷன் டப்பாவைத்தான் எறிந்திருந்தார், கேபிளை எறியவில்லை. பத்திரமாக வைத்து, வைத்த இடத்தை மறந்திருந்தார்.

எடுத்து என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள், வேண்டாம், ஒரே ஒரு நாள் அந்த மெஷின் ஓடாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக வேறொன்றும் இல்லை. மறுநாள் எங்கேயோ கிடந்து கண்டெடுத்த மாதிரி கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பஸ் கூட்டாளிகள் எல்லாம் வந்துவிட்டார்கள். பாய் விரித்து, அதன்மேல் கேபினட்டைப் படுக்கவைத்து, பூட்டியதும் நான்தான். திருப்புளியைத் தவிர வேறெதையும் நீ தொடவில்லை, எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். கடைசியில் கார்டைச் சொருகிவிட்டு, "இதோட கேபிள் எங்க?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

மாமா முழித்தார். "எடுத்தேன்னுதான் நெனைக்கேன்..." என்றார். பெட்டியைக் கவிழ்த்தார். கம்பளியை உதறினார். "டப்பாவோட போட்டுருப்பேனோ?" என்று தலையைச் சொறிந்தார். அது இல்லாமல் திரையில் படமே வராது என்று நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன்.

நீ கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ரெண்டு கிலோ பால்மாவுக்கு எடம் இருந்துச்சு, எனக்குன்னு வாங்குனதுக்கு எடம் இல்ல, அப்படித்தான மாமா?" என்றாய். அத்தனை பேருக்கும் முன்னால். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேபிள் என் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குமேல் எப்படி எடுத்துக் கொடுப்பேன்?

பத்து நாள் கழித்துப் பார்சலில் வேறு கேபிள் வந்தது. மாமா அதற்குள் துபாய்க்குக் கிளம்பிவிட்டிருந்தார். திரையில் முதல் படம் வந்ததும் நீ எழுந்து, "லிஸ்ட் போட்டவன் நீதான, மொதல்ல நீ உக்காருலே" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினாய். நான் உட்கார்ந்து விளையாடினேன். நன்றாகத்தான் விளையாடினேன்.

அதன்பிறகு மாமா போன் பண்ணினால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உம்மா கையில் கொடுத்துவிடுவாய். "அடுத்த லீவுக்கு வரட்டும், காலப் பிடிச்சுச் சமாதானம் பண்ணிக்கிடுதேன்" என்று என்னிடம் சிரித்தாய். அடுத்த லீவுக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கே நாள். மாமாவுக்கு மறுநாள்தான் பிளைட் கிடைத்தது. அவர் வந்து இறங்கும்போது உன்னை அடக்கி ஒரு பகல் ஆகியிருந்தது. ஒரு பிடி மண் போடக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்போதிலிருந்து ஒவ்வொரு லீவிலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். "அந்த டப்பாவ நான் எறிஞ்சிருக்கக் கூடாது தம்பி. அவன் ஆசையா கேட்டது." நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு ஆறுதல் சொன்னதுகூட உண்டு, அவ்வளவு துணிச்சல் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த டப்பாவை நான் பிரிக்கவில்லை. பிரித்தால் உள்ளே அதே மாதிரி ஒரு கேபிள் இருக்கும். இன்று வெள்ளி. மேசை டிராயரின் அடியிலிருந்து பழைய கேபிளை எடுத்துக்கொண்டு பத்தமடைக்குப் பஸ் ஏறினேன். ஜும்மா முடிந்து மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் உட்காராமல், நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். ஷூ, சாக்ஸ், பேண்ட் பை, எல்லாம். ஏன் எடுத்தேன் என்று மாமா கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், பொறாமை என்று.

உம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மாமா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கேபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் எறியல?"

"இல்ல மாமா."

"சாக்ஸுக்குள்ள வச்சிருந்தேன்?"

"ஆமா மாமா. பத்திரமா வச்சிருந்தீங்க."

"நான் எறியல" என்று தனக்குத்தானே இன்னொரு தரம் சொன்னார். பிறகு உள்ளே போன தன் அக்காவைக் கூப்பிட்டு, "லாத்தா, நான் எறியலையாம்! கொண்டாந்துருக்கேன்!" என்றார். அறுபது வயது மனுஷன். கண் நிறைந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. கேபிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "அவன்ட்டப் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று உன்னை அடக்கிய மையவாடிப் பக்கம் கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை.

நான் உங்கள் வீட்டு வாசலிலேயே நின்றேன். உன்னிடம் சொல்ல அவருக்கு ஒரு நல்ல சேதி கிடைத்துவிட்டது. வெயிலில் கையை வீசிக்கொண்டு, விடுவிடென்று, லீவு விட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவர் உன்னைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். தெருமுனையில் திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.