தறிச் சத்தத்தில் பிடித்த தண்ணீர்ச் சொட்டு

மருதமுனை
12.5.1957

அன்பு மகன் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி ஸைனம்புவும் சுகம், கொழும்புச் சாப்பாட்டிலும் கந்தோர் வேலையிலும் உன் உடம்பு மெலியாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. வீட்டில் சும்மா கிடக்கும் உன் கமராவை லொறிக்கார மர்சூக்கிடம் கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். மகன், அது சும்மா கிடக்கவில்லை. தங்கச்சி அதில் தண்ணீர்ச் சொட்டைப் படம் பிடிக்கிறாள். எனக்கும் முதலில் விசர்க் கதையாகத்தான் பட்டது. முற்றத்து வெயிலில் நான் நெய்த கறுப்புச் சாரனைக் கட்டி, அதற்கு முன்னால் ஊசித் துளை போட்ட தகரப்பேணியைத் தொங்கவிட்டு, கீழே கோப்பையில் பால் கலந்த தண்ணீர் வைத்திருந்தாள். பாலைப் பூனை குடித்தாலும் பொறுக்கலாம், இப்போது கமராவல்லவா குடிக்கிறது என்று உம்மா ஏசினாள். சொட்டு விழுவதைக் கண்டு கமராப் பொத்தானை அமத்தினால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறதாம். வாப்பா, சொட்டு விழுற கணக்குக்குத் தறி அடிங்க, கண்தான் சுணங்குது, நான் சத்தத்தைக் கேட்டு அமத்துறன் என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படியும் ஓர் உத்தியோகம். பேணியைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். நடுவில் ஆசை தாங்காமல் கோப்பையை எட்டிப் பார்க்க, கையிலிருந்த தறி நாடாக்கட்டை பறந்து போய்க் கோழிக்குப் பட்டது. அன்று நெய்த சீலையைக் கண்டவர்கள் எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்கள்.

ஒரு சுருளில் ஒரே ஒரு படம்தான் தேறியது, கல்முனையில் கழுவி வந்ததும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வடிவாயிருக்கு என்றேன், அவள் சிரித்தபடி திருப்பித் தந்தாள். கடலுக்குப் போகிற மீராசாஹிபு இது கடலில் மிதக்கிற சொறிதான், வலையில் பட்டால் கை கடித்து அரிக்கும் என்று சத்தியம் பண்ணினார். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார். விழுந்த இடத்தில் தண்ணீர் வட்டமாக எழும்பி நிற்கிறது, நுனிக்கு நுனி ஒரு முத்து. இத்தனை வருஷம் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்தேனே, என் கையிலிருந்து எத்தனை சொட்டு இப்படிப் பூத்து அடங்கியிருக்கும், ஒன்றையாவது கண்டேனா? பள்ளிவாசலில் பெருமை பேசக் கூடாதென்று தேத்தண்ணிக் கடையில் பேசிவிட்டேன்.

கமரா உன் உழைப்பில் வாங்கியது, கட்டாயம் வேண்டுமென்றால் தருவேன், மனத்தாங்கல் இல்லை. நீ கேட்டது அவளுக்குத் தெரியாது, அந்தக் கடிதத்தை மட்டும் நானே எழுத்துக் கூட்டி வாசித்து ஒளித்துவிட்டேன். மற்றபடி உன் கடிதங்களை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான், அதனால் பதிலில் கமராக் கதையை எடுக்காதே. அவளிடமே இருக்கட்டும் என்றால் மர்சூக்கிடம் ஒரு பில்ம் சுருள் கொடுத்துவிடு. வெறுங்கையோடு வந்தால் நான் விளங்கிக்கொண்டு அவளிடம் பக்குவமாய்ச் சொல்வேன்.

தொழுகையை விடாதே, மழையில் நனையாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தருவானாக. மர்சூக் கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை திரும்புவான், மறந்துவிடாதே. அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு லொறிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

உன் வாப்பா,
முகைதீன்பாவா