பெரட்டில் என் பேர்

7-8-78, திங்கள்

விடாத மழை. இடது காலில் மூன்று இடத்தில் அட்டைக்கடி. அட்டைக்குத் தடவுகிற சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். விறகு ஈரம்.

காலையில் ஒரு கூத்து. கூத்தாடி நானேதான்.

இங்குள்ளவர்கள் மஸ்டர் என்கிறார்கள், சிலோனிலிருந்து வந்த நமக்கு இன்னும் பெரட்டுதான். ஆட்கள் ஒரு பக்கம் நிற்க, மேஸ்திரி எதிரே நின்று பேர் வாசிப்பார். அவரவர் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க, கொட்டகைக்குள் உட்கார்ந்து கிளார்க் கோடு போடுவார். பிறகு எந்தத் தேயிலை மலைக்கு யார் என்று பிரித்து விடுவார்கள். இன்று தூக்கக் கலக்கம், தலையில் சாக்கு, கண்ணில் மழை. நான் நேரே போய் மேஸ்திரி தங்கராசு பக்கத்தில், ஆட்களைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். கையைப் பின்னால் வேறு கட்டிக்கொண்டு. சிலோனில் ஆட்களை மேய்க்கிற கங்காணியாக வருஷக்கணக்கில் நின்ற இடம். கால் என்னைக் கேட்கவில்லை.

எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் போல என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதற்கு இன்னும் சிரிப்பு.

தங்கராசு: “ஏனுங்க வேலாயுதம், இன்னிக்கு நீங்க பேர் வாசிக்கறீங்களா? நான் போயி உங்க கூடையத் தூக்கிக்கட்டுமாங்க?”

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய. பெண்கள் வரிசையில் ராக்கு நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சாயங்காலம் குழம்பில் உப்பு இல்லை என்று அவளிடம் கத்தினேன். உப்பு இருந்தது.

மகள் சாந்தி சுவரோரம் படித்துக்கொண்டிருந்தாள். ஊட்டியில் டீச்சர் ட்ரெயினிங். உளவியல் பேப்பரில் மட்டும் பெயில், திரும்ப எழுதுவதற்காக வீட்டுக்கு வந்திருக்கிறாள். உரக்கப் படித்தால்தான் ஏறுமாம். நான் கத்தி முடித்ததும் அவள் படிக்கிறாள்: மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர் அவரை எதிர்க்க முடியாமல், வீட்டுக்கு வந்து மனைவிமேல் பாய்கிறார். இதற்கு இடமாற்றம் என்று பேர்.

“இத எழுதினவன் நம்ம லைன் வீட்டுப் பக்கம் வந்திருக்கானா?” என்றேன்.

“எல்லா ஊட்லயும் நடக்கறதுதாம்ப்பா.” இங்கே வளர்ந்த பிள்ளை. வீட்டை ஊடு என்கிறாள்.

ராக்கு உப்புச் சிரட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

8-8-78, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. சுண்ணாம்பு வாங்கவில்லை.

சேதி: தங்கராசுக்கு பேக்டரிக்கு மாற்றல். நம் கேங்குக்குப் புது மேஸ்திரி வேண்டும். ராமாயி கொழுந்து எடுத்துக்கொண்டே, “அண்ணனுக்குத்தான் குடுப்பாங்க போல. நேத்தே போயி நின்னு பாத்துட்டாருல்ல” என்றாள். கிண்டல்தான். ஆனாலும் உள்ளே இனித்தது. கோட்டு எங்கே என்று ராக்குவிடம் கேட்டேன். கப்பலில் வரும்போது போட்டிருந்த கோட்டு. “எலி கடிச்சு ரெண்டு வருசமாச்சு” என்றாள்.

சாந்தி இன்று ஈகோ படித்தாள். நான் ஈகோ என்றால் திமிர் என்று நினைத்திருந்தேன். அதில்லையாம். மனசில் ஒன்று ‘வேணும், இப்பவே வேணும்’ என்று கத்துமாம். மேலே இன்னொன்று ‘அசிங்கம், கூடாது’ என்று அதட்டுமாம். இரண்டுக்கும் நடுவில் நின்று, வெளியுலகத்தையும் பார்த்துச் சமாளிக்கிறதுதான் ஈகோ. சமாளிக்க முடியாதபோது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது சில வேலை செய்யும்.

“அப்ப அது கங்காணி” என்றேன். “மேல தொர. கீழ ஆளுங்க. நடுவுல கங்காணி. தொரகிட்ட ‘எல்லாம் சரிங்க’ன்னு ஒரு பொய். ஆளுங்ககிட்ட ‘தொர கேக்க மாட்டேங்குறாரு’ன்னு ஒரு பொய். அவன் பொழப்பு ஓடணும்ல.”

சாந்தி பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். “அப்பா, எங்க மிஸ் ஒரு வருசமா சொன்னாங்க, ஏறவேயில்ல. இப்ப ஏறிருச்சு.”

ஏழாவதோடு நின்றவன் இன்று பாடம் நடத்தினேன். நல்ல தூக்கம் வரும்.

9-8-78, புதன்

மறுபடி மழை. தூக்கமெல்லாம் நேற்றோடு சரி.

பீல்டு ஆபீசர் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வந்தார். சின்ன வயசு, ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்துச் சிரித்தார். சாக்கை எடுத்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். “வேலாயுதம்” என்றார். “ஐயா” என்றேன். “உங்க வீட்டம்மா எங்க?”

மேஸ்திரி வேலை ராக்குவுக்கு. பெண்கள் அவள் சொன்னால் கேட்கிறார்களாம். தராசு பக்கம் சண்டை வந்தால் அவள்தான் தீர்க்கிறாளாம். உண்மைதான். எனக்குத் தெரியாத சேதி இல்லை. திங்கள்கிழமை அவளே பேர் வாசிக்க வேண்டும், தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் வேறு டிவிஷனிலிருந்து ஆள் கொண்டுவருவார்கள்.

ராக்கு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அவங்களைக் கேட்டுச் சொல்றனுங்க” என்றாள். அவங்க என்றால் நான்.

வீட்டில் நான் சொன்ன காரணங்கள், ஞாபகம் இருக்கிற வரை:
— உனக்கு முட்டிவலி. மேஸ்திரி என்றால் மலை முழுக்க ஏறி இறங்கணும். (கூடை தூக்கி ஏறி இறங்குகிறவள்தான்.)
— ஊர் வாய். பொம்பளை மேஸ்திரி என்பார்கள்.
— மூணாவது படித்தவள், லிஸ்டு எப்படி வாசிப்பாய்.
— என் பேரும் அந்த லிஸ்டில் இருக்கிறதே. எப்படிக் கூப்பிடுவாய்?

கடைசிக் காரணத்துக்கு அவள் முகம் விழுந்தது. கட்டின நாளிலிருந்து என் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. நம் பெண்கள் யாரும் சொல்வதில்லை. கப்பலில் வந்து இறங்கிய மண்டபம் முகாமில் அதிகாரி ‘புருஷன் பேர்?’ என்று கேட்டபோது, சின்னப்பிள்ளை சாந்தியின் தோளைத் தட்டி அவளைச் சொல்ல வைத்தவள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் அடித்தேன்.

“ஒனக்கே பயம். அத எந்தலையில போடாத” என்றும் சொன்னேன்.

சாந்தி தலை நிமிராமல் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள். தன்னிடம் உள்ள பயத்தை அடுத்தவரிடம் இருப்பதாகக் காண்பது புறத்தேற்றம். தன் விருப்பத்துக்கு நல்ல காரணங்களைத் தேடிப் பூசுவது நியாயப்படுத்தல்.

“மெதுவாப் படி. மழைச் சத்தத்துல தலை வலிக்குது” என்றேன்.

11-8-78, வெள்ளி

நேற்று வயிற்றுவலி என்று வேலைக்குப் போகவில்லை. வலி ராக்கு வெளியே போகும்வரை இருந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து மிச்ச ரொட்டியைத் தின்றேன். இன்று போனேன்.

சாந்தியிடம் கேட்டேன், பெரிய மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வதற்கும் புத்தகத்தில் பேர் இருக்கிறதா. இருக்கிறதாம். பின்னோக்கம். எதற்குத்தான் பேர் வைக்காமல் விட்டான்.

“அப்ப எல்லாத்துக்கும் மனசுதான் பொறுப்பு. நாம என்ன செய்ய?” என்றேன். கொஞ்சம் தெம்பாக இருந்தது.

“இல்லப்பா. நமக்கே தெரியாம நடந்தாத்தான் அது. தெரிஞ்சே செஞ்சா அதுக்கு இந்தப் புத்தகத்துல பேரில்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழுந்து போய், மாடமே இல்லாத சுவரில் பீடியைத் தேடுவதுபோல் நின்றேன்.

12-8-78, சனி

மழை. ரேஷன்: கோதுமை வந்தது, சீனி இல்லை. சுண்ணாம்பு வாங்கினேன்.

சாயங்காலம் அடுப்படியில் ராக்குவும் சாந்தியும். நான் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை; ராக்கு ஆபீசரிடம் லிஸ்டு வாங்கி வந்துவிட்டாள், அதை வைத்துக்கொண்டு சாந்தி பழக்குகிறாள். நான் இந்தப் பக்கம் படுத்திருந்தேன், கண்ணை மூடி.

“கருப்பாயி. சின்னப்பொண்ணு. மு... முனியம்மா. ராமாயி.” பிறகு சத்தம் இல்லை. பிறகு, “லட்சுமி.”

“நடுவுல ஒண்ணு உட்டுட்டம்மா.”

“உடல. மனசுல சொல்லிக்கிட்டேன்.”

“மனசுல சொன்னா கிளார்க்குக்குக் கேக்குமா?”

“போடி. சாந்தி அப்பான்னு கூப்புடுறேன்.”

“லிஸ்ட்ல அப்படியா போட்டிருக்கு? லிஸ்ட்ல உள்ளபடி கூப்பிடணும்னு ஆபீசர் சொன்னாருல்ல?”

“எனக்கு ஏலாது சாந்தி.” சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிவில் சிரிப்பு இல்லை. “இத்தன பேரையும் படிச்சிட்டேன் பாரு. இந்த ஒண்ணுக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது.”

அவளுக்கு அந்த வேலை வேண்டும். இதுவரை அவள் ‘வேணும்’ என்று எதையும் சொல்லிக் கேட்டதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் மூணாவது படித்தவள் அத்தனை பேரையும் இரண்டு நாளில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள்.

13-8-78, ஞாயிறு

வெயில். இரண்டு மணி நேரம். எல்லா லைன் வாசலிலும் துணி.

காலையில் நானே போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னேன். “இந்தா, கேளு. எனக்கு முந்தின பேரு ராமாயி. ராமாயி ‘இருக்கேன்’னதும் நீ நிறுத்திக்க. நானே ‘வேலாயுதம், இருக்கேன்’னு சத்தம் குடுத்துர்றேன். கிளார்க்கு கோடு போட்டுருவாரு. நீ லட்சுமிக்குப் போயிரு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவள் மாவு பிசைவதை நிறுத்தினாள். “மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

“நேத்துப் பூரா நா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க கோவிப்பீங்கன்னு கேக்கல.”

தேங்காய் போட்ட ரொட்டி. தொட்டுக்கொள்ள, மிளகாய் இடித்த கட்டைச்சம்பல். எனக்கு வைத்தது பெரிசு. சாந்தி, “இதுக்கும் புத்தகத்துல ஒரு பேர் இருக்குப்பா, ஆனா நல்ல பேர்” என்றாள். என்ன பேர் என்று கேட்கவில்லை. பெருமையில் வாய் நிறைய ரொட்டி.

14-8-78, திங்கள்

மழை. காற்று.

ராக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். நான் சாக்கைப் போட்டுக்கொண்டு சரியான பக்கத்தில் நின்றேன். ஆட்கள் பக்கம். எதிரே ராக்கு. நான் அன்றைக்குத் தப்பாய் நின்ற அதே இடம். லிஸ்டு நனையாமல் இருக்கச் சாந்தி பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தாள். ஆபீசர் குடைக்குக் கீழ். கிளார்க் கொட்டகைக்குள், தலை குனிந்து. தங்கராசு பேக்டரிக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார். என் பக்கம் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான் செய்தார்.

நன்றாக வாசித்தாள். கருப்பாயி, சின்னப்பொண்ணு, முனியம்மா. திக்கல் இல்லை. குரல் கடைசி வரிசை வரை வந்தது. ராமாயி.

“இருக்கேன்.”

ராக்கு நிறுத்தினாள். லிஸ்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

சாக்கில் மழை விழும் சத்தம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபீசர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தங்கராசு மெதுவாக, “என்னங்கம்மா, எழுத்துப் புரியலீங்களா?” என்றார்.

தொண்டை அடைத்துவிட்டது என்று எழுதலாம். அடைக்கவில்லை. குளிரில் வாய் வரவில்லை என்று எழுதலாம். நல்லாவே வரும். உள்ளே ஒருத்தன், அந்தக் கங்காணிதான், ‘கொஞ்சம் திணறட்டும்’ என்றான். அவன் சொன்னது எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. சாந்தி சொன்னபடி பார்த்தால் இதற்குப் புத்தகத்தில் பேர் இல்லை.

ராக்கு என்னைப் பார்ப்பதை விட்டாள். லிஸ்டைப் பார்த்தாள்.

“வேலாயுதம்.”

உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மற்ற பேர்களைப் போலவே. என் பேர் அவள் குரலில் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் தெரியாது. இப்போது தெரியும்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நின்றேன்.

கிளார்க் தலையைத் தூக்கினார். “வேலாயுதம்? ஆப்சென்டா?”

“இல்லீங்க” என்றாள் ராக்கு. “இருக்காரு.”

உடனே லட்சுமி. பிறகு மற்றவர்கள். கடைசிவரை தடங்கல் இல்லை. ஆபீசர் தலையாட்டினார். வேலை அவளுக்குத்தான். பெண்களுக்குச் சந்தோஷம். ராமாயி வாய்விட்டே சிரித்தாள். மலை பிரிக்கும்போது ராக்கு என்னை மேட்டுக்கு அனுப்பாமல் ஓடையோரம் அனுப்பினாள். என் அட்டைக்கடிப் புண்ணுக்காக. எல்லோரிடமும் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

சாயங்காலம் சாந்தி, “எப்படிப்பா போச்சு?” என்றாள்.

“நல்லா வாசிச்சா” என்றேன்.

ராக்கு அடுப்பைப் பார்த்தபடி, “அப்பா இருந்தாங்கள்ல” என்றாள்.

குழம்பில் இன்று நிஜமாகவே உப்பு இல்லை. சாப்பிட்டேன்.

ராமாயிக்கும் லட்சுமிக்கும் நடுவில் எவ்வளவோ நேரம் இருந்தது. இருக்கேன் என்று ஒரு சொல். அதைச் சொல்லவில்லை.