அப்பாவின் ஸ்கூட்டரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன், பார், அது பாதிப் பொய். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நமக்கு இருப்பது இரண்டு அறை, சமையலறையில் நின்று நான் முணுமுணுத்தால்கூட அவருக்குக் கேட்டுவிடும். கம்பி உரசுகிற சத்தத்தை வைத்தே லிப்ட்டில் எங்கே கோளாறு என்று முப்பது வருடம் சொன்ன காது அது. அதனால் தபாலாபீஸ் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள், அது எட்டுகிற தூரத்தில்தான் எழுத முடிகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை பாப்பா. ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் மங்கிவிட்டது, இப்போது ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் குட்டி வரைந்த படத்தை நீ வீடியோவில் காட்டினாயே, கலர் பிரமாதம் என்று அப்பா சொன்னாரே, அது நான் முழங்கையால் இடித்த பிறகு சொன்னது. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பாப்பாகிட்ட சொன்னா மறுநாளே வந்து நின்னு மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடுவா, இங்கன்னா எந்தச் சுவர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அங்க வந்து நான் எதைத் தடவுறது என்று கேட்டார்.

கண் போனதிலிருந்து நான் எந்த அறையில் இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கியா என்று குரல் வரும். இருக்கேன் என்று நான் சொல்ல வேண்டும். குளிக்கும்போதும் சொல்கிறேன், துணி காயப்போடும்போதும் சொல்கிறேன், ஒரு நாள் தூக்கத்தில் சொல்லி நானே விழித்துக்கொண்டேன். அவர்மேல் தப்பில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குரல் வேண்டாமா? ஆனால் சில நாள் அவர் இரண்டாவது தடவை கேட்கும் வரை அந்த இருக்கேனை நான் சொல்வதில்லை பாப்பா.

பாலத்து வேலைக்காகப் பஸ்ஸை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்து நம் கட்டிடத்துப் பக்கம் ஒரு பஸ்ஸும் வருவதில்லை. கடை, மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் நாலு கிலோமீட்டர் தள்ளி. கீழ்வீட்டுத் தையல்காரம்மா போகும்போது வரும்போது வாங்கி வந்து கொடுத்தாள், எத்தனை நாளைக்கு அவளைத் தொந்தரவு செய்வது? அப்போதுதான் கீழே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிற ஸ்கூட்டரைப் பார்த்தேன். அதை விற்றுத் தொலையுங்கள், கியர் இல்லாத வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். அப்பா அசையவில்லை. சரி, அப்படியானால் இதையே எனக்குக் கற்றுக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உனக்கு வயசு அம்பத்தெட்டு, அதுக்கு முப்பத்தொண்ணு, ரெண்டும் சேர்ந்து எங்கயாவது விழுந்தா யாரு தூக்குறது என்றார். மறுநாள் காலையில் அவரே, கீழ என்னைக் கூட்டிட்டுப் போ என்றார்.

உனக்கு அந்த வண்டி தெரியும், ஓட்டியதில்லை. கியர் இடது கையில், கிளட்சும் அதே கையில். கிளட்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மேல்பக்கம் திருப்பினால் முதல் கியர், கீழ்ப்பக்கம் திருப்பத் திருப்ப இரண்டு, மூன்று, நாலு. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் எதிலும் சேராத ஓர் இடம் உண்டு, அங்கே மாட்டிக்கொண்டால் வண்டி கத்துமே தவிர நகராது, எனக்கு அந்த இடம்தான் அடிக்கடி வாய்த்தது. அப்பா கட்டிடத்துப் பின்பக்கம் சுவரைப் பிடித்தபடி நின்றுகொள்வார், நான் ஓட்டுவேன், சத்தத்தை வைத்தே தப்பைச் சொல்வார். முதல் நாள் கிளட்சைப் பட்டென்று விட்டு, வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி, தையல்காரம்மா காயப்போட்டிருந்த நாலு பாவாடையையும் சுருட்டிக்கொண்டு நின்றது. அவள் ஓடிவந்து, அக்கா அடி பட்டுச்சா என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் பார்த்தாள். அப்பா மட்டும் நின்ற இடத்திலிருந்தே, கதவச் சாத்துற மாதிரி விடாத, தூங்குற புள்ள மேல இருந்து கைய எடுப்பல்ல, அப்படி விடு என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. உன்னை அப்படி எத்தனை தடவை தூங்க வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு வேலைகளையும் விடவில்லை. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது, கிளட்ச் கேபிள் எவ்வளவு தொய்யலாம், நின்றுபோனால் ஸ்பார்க் பிளக்கை எப்படிக் கழற்றுவது என்று எல்லாவற்றையும் என் விரலைப் பிடித்து வைத்தே காட்டினார். கரி பிடித்த பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மாட்டி உதைக்கப் பத்து நிமிடம், அதுக்கு மேல ஆச்சுன்னா உனக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம் என்று கறாராகச் சொன்னார். என் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதுல யாரு மூத்தவங்க என்று கேட்டார். எட்டுப் போட்டுக் காட்டினேன், காலைக் கீழே ஊன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு கைகுலுக்கல் எனக்குக் கிடைத்ததில்லை.

இனிமேல் கொஞ்சம் வெளிக்காற்றுப் படும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. நான் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, வண்டி அழுவுது பாரு, கீழ போடு, இப்ப மூணு, ஏன் இழுக்கிற என்று வழியெல்லாம் பேச்சு. எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் அவரை ஒரு தூணோடு நிற்க வைத்துவிட்டு, ஓடிப்போய் வாங்கி, ஓடி வர வேண்டும். போகிற சாலையும் சந்தும் பொந்துமாக, இரண்டாவதைத் தாண்டி மூன்று போடுவதற்குள் திருப்பம் வந்துவிடும். நாலாவது கியர் என்று ஒன்று இருப்பதையே என் கை மறந்துவிட்டது. முப்பது வருடம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன், இப்போது முன்னால் உட்கார்ந்து போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. தோன்றியதற்காக அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் வியாழக்கிழமை அவருக்கு லேசாகக் காய்ச்சல், சொட்டு மருந்தும் தீர்ந்துவிட்டது. தையல்காரம்மாவைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி, இருக்கிற ஒரே போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். நாப்பது நிமிஷம் போதும்ல என்றார். போதும் என்றேன். மருந்து வாங்கித் திரும்பி வரும்போது, பாலத்துக்கு இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்குச் சுவரோரம் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பயந்துதான் போனேன். பிறகு மூடியைத் திறந்து, சூடு தணிய விட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரே கரி. தேய்த்தேன், ஊதினேன், மாட்டினேன், இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. நானே செய்தேன் பாப்பா, ஒருவரையும் கூப்பிடவில்லை.

கிளம்பிய வண்டியை நான் அணைத்துவிட்டேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. அணைத்துவிட்டு அந்தச் சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எதிரே லாரியிலிருந்து குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இருக்கியா என்று யாரும் கேட்கவில்லை. நான் எதையும் யோசிக்கவில்லை, அழவும் இல்லை, சும்மா இருந்தேன். இறக்கி முடித்து லாரி போன பிறகுதான் எழுந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தெரு திரும்பியதும் கேட்டருகே அப்பாவைப் பார்த்தேன். இரண்டு மாடி, நாற்பது படி, தனியாக இறங்கி வந்திருக்கிறார். ஆயிரம் லிப்ட் சரிசெய்தவர் இருக்கிற கட்டிடத்தில் லிப்ட் கிடையாது என்று முன்பெல்லாம் நாம் கேலி செய்வோம், அன்று அது கேலியாக இல்லை. ஒரு காலில்தான் செருப்பு, சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது, காய்ச்சல் வேறு. தையல்காரம்மா என்னைக் கண்டதும், அக்கா, ஒரு மணி நேரமா நிக்கிறாரு, நாற்காலி போட்டாலும் உக்கார மாட்டேங்கிறாரு, ஒவ்வொரு வண்டிக்கும் இது இல்ல இது இல்லங்கிறாரு என்று அழாத குறையாகச் சொன்னாள். பிளக் அடைச்சிருச்சுங்க, அதான் நேரமாயிடுச்சு என்றேன். அவர் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். பிறகு, சூட்டோட கழட்டக் கூடாதுல்ல, நல்லா ஆற விட்டிருப்ப, நேரமாகத்தான் செய்யும் என்றார். பத்து நிமிடக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரே அப்படிச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படியேறும்போது என் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தார்.

அதிலிருந்து அவர் என்னுடன் வருவதில்லை. இன்னிக்கு நீ வெளிய போகலையா, மெதுவாவே வா என்று அவரே அனுப்பி வைக்கிறார். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் எங்கும் நிற்காமல் பறந்து வந்துவிடுகிறேன். இதோ, இப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எங்களை அங்கே கூப்பிடாதே, வண்டியையும் விற்கச் சொல்லாதே. லீவு கிடைத்தது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு ஒரு மாதம் வந்து இரு. அவரோடு பேசிக்கொண்டிரு, அந்த நேரத்தில் நான் கொஞ்சம் போய்விட்டு வருகிறேன். எங்கே என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல், மனம்விட்டுப் பேசிக்கொண்டு, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே, கடிதம் வந்தால் வாசித்துக் காட்டச் சொல்வார், எனக்குச் சட்டென்று பொய் கட்டி வாசிக்க வராது. போனிலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவராகவே சொல்லட்டும். நீ வந்து வாசலில் நிற்கும்போது உன் குரல் வந்த பக்கம் திரும்பி, என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட என்பார். ஆமாம்பா என்று மட்டும் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா