வலது முன் சக்கரம்

வில்க்ஸ் மாவட்டம், வட கரோலினா
அக்டோபர் 1956

அன்பு மகன் வெர்லினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் தம்பி ராய்ஸ் கை கால் முழுசாக இருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேற்கொண்டு படிக்கும்போது அதை நீ மறந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வழக்கம்போல அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

சனிக்கிழமை பந்தயத்துக்கு சார்லட்டிலிருந்து ஒரு முதலாளி வந்திருந்தார், கார் கம்பெனிக் காசில் புது வண்டிகளைப் பந்தயத்தில் இறக்குகிறவர், டார்லிங்டனில் தார் போட்ட பந்தயத்தளத்தில் ஓட்ட இளவட்டம் ஒருவனைத் தேடுகிறார், ராய்ஸைப் பார்க்கத்தான் வந்தார். உன் அப்பா சாராயம் ஏற்றிக்கொண்டு போலீசுக்குத் தண்ணி காட்டிய காலத்தில், யார் வண்டி வேகம் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை மாட்டு மேய்ச்சல் நிலத்தில் சுற்றி வருவார்கள், ஒரு கயிறுகூடக் கட்டியிருக்காது. இப்போது டிக்கெட், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டது. நம் வீட்டில் மட்டும் அதே பழைய கறுப்பு வண்டி, எஞ்சினை மாற்றி மாற்றி வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். பெரிய பந்தயத்துக்கு முன்னால் எப்போதும்போல வீட்டுப் பெண்கள் ஓட்டும் பத்துச் சுற்று, ஜனங்கள் சிரிப்பதற்காக வைப்பதுதான், உனக்குத் தெரியுமே. பெரிய பந்தயத்தில் ராய்ஸ் ஓட்ட வேண்டிய அதே நம் வண்டியை நான் ஓட்டினேன். கோழிப்பண்ணைக்காரர் மனைவி நெல்டா எனக்கு முன்னால் போனாள், இந்தத் தடவை அவளை விடுவதில்லை என்று மிதித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வலது முன் சக்கரத்துக்குள் கடக் என்றது, ஸ்டீயரிங் கையில் துள்ளியது. வேகத்தைக் குறைத்துக் கடைசியாக வந்தேன், நெல்டா எனக்குக் கையாட்டிவிட்டுப் போனாள்.

ஆண்கள் வண்டிகளைப் பழுது பார்க்கும் வளாகத்து வாசலில் காவல் நிற்கும் கிளீட்டஸ் கம்பை நீட்டி, “எறங்கு தாயி, பொம்பளையும் வேர்க்கடலையும் உள்ள வந்தா அன்னிக்கு வண்டி உருளும்” என்றார், பந்தயக்காரர்களின் அதே பழைய சகுனப் பேச்சு. நான் இறங்காமல் உன் அப்பாவைக் கூப்பிட்டு, சக்கரத்தில் சத்தம் கேட்கிறது, ஜாக்கி போட்டுப் பாருங்கள் என்றேன். “கடைசியா வந்துட்டு சக்கரத்து மேல பழி போடுறியாக்கும்” என்றார். சுற்றி நின்றவர்கள் ஒரே சிரிப்பு. ராய்ஸ் சிரிக்கவில்லை, முகம் வெளுத்துப் போயிருந்தது. “அம்மா, மானத்த வாங்காத, அந்த ஆளு பாத்துக்கிட்டே இருக்காரு, எறங்கும்மா” என்று கதவைக் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்க்க வந்தான். நான் இறங்கினால் அவன் ஏறுவான், எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ரிவர்ஸ் போட்டேன், கூட்டம் சிதறியது, திருப்பத்துக்குப் பின்னால் இருக்கும் செம்மண் பள்ளத்தில் வண்டியின் மூக்கைக் கொண்டுபோய் இறக்கினேன். மெதுவாகத்தான், நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். இழுவை லாரி வருவதற்குள் பெரிய பந்தயம் தொடங்கிவிட்டது, சார்லட்காரர் வேறொரு பையனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். ராய்ஸ் என்னிடம், “இனிமே எங்கூடப் பேசாத” என்று சொல்லிவிட்டு மூன்று மைலும் நடந்தே வீட்டுக்கு வந்தான். கேட்டது என் பிரமையோ, பெற்ற பிள்ளையின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று அழுது தீர்த்தேன்.

மறுநாள் அப்பா சர்ச்சுக்குப் போகாமல் சக்கரத்தைக் கழற்றினார். அதைத் தாங்கும் இரும்பு இரண்டு துண்டாக வந்தது. பள்ளத்தில் விழுந்ததால்தான் உடைந்தது என்றான் ராய்ஸ். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் நான் சுட்ட பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார், உடைந்த இடத்தில் பாதிக்கு மேல் துரு, ஓரத்தில் கொஞ்சம்தான் புதுசாகப் பளபளத்தது. “துரு ஒரு நாள்ல புடிக்காதுடா, ரொம்ப நாளா விரிசல் விட்டுக்கிட்டே வந்திருக்கு, உன் வேகத்துக்கு ரெண்டு சுத்து தாங்கியிருக்காது” என்றார். ராய்ஸ் அந்தத் துருவை விரலால் தடவிப் பார்த்தான், பிறகு, “இன்னொரு பிஸ்கட் வைம்மா” என்றான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வெர்லின், அது உடைந்தது நீ பட்டாளத்துக்குப் போகும் முன் வெல்டிங் பற்றவைத்த இடத்தில், அது உன் கைவேலை என்று அப்பா பார்த்ததும் கண்டுகொண்டார். புதுசு வாங்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று ஒட்டியிருப்பாய், புறப்படும் அவசரத்தில் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். அப்பா அந்தத் துண்டுகளை ஆற்றில் எறிந்துவிட்டு, “பெரியவனுக்கு எழுதாத, தூர தேசத்துல கெடந்து ஒடஞ்சு போவான்” என்றார். உன்னைக் குத்திக்காட்ட நான் எழுதவில்லை ராசா, உன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. போன கடிதத்தில் ராணுவ லாரிகளை மற்ற எல்லோரையும்விட நீதான் சீக்கிரம் பழுது பார்த்துக் கொடுக்கிறாய், சார்ஜென்ட் மெச்சினார் என்று எழுதியிருந்தாய், நானும் அதை நெல்டாவிடம் படித்துக் காட்டிப் பெருமையடித்தேன். அந்த லாரிகளில் ஏறி உட்காரும் பையன்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களால் அங்கே வந்து வண்டியைப் பள்ளத்தில் இறக்க முடியாது.

கர்த்தர் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும். சந்தேகம் வந்த வண்டியை வெளியே விடாதே, திட்டினால் வாங்கிக்கொள். தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவன் உன்மேல் கோபமாக இல்லை, ஆனாலும் போடு.

உன் அம்மா,
ஓடெஸா